பழைய பேஞ்சோவில் பழைய நாட்டுப்பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக வட கரோலினாவுக்கு வந்தவன் நான். வந்த இரண்டாம் வருடம் பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒரு பெரியவர் ஃபிரெட் (சுர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கட்டு) இல்லாத பேஞ்சோ ஒன்றை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. ஊர் நண்பர்களும் இங்கிருக்கும் தமிழர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கலாமே என்றுதான் இது. இங்கே பேசுவதெல்லாம் ஐந்து தந்தி பேஞ்சோவையும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களின் பாட்டுகளையும் பற்றி மட்டுமே.

எங்கள் ஊர்க் கச்சேரிகளில் டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிப்பார்களே, அதுதானே பேஞ்சோ?

பெயர்தான் ஒன்று. அது புல்புல் தாரா. 1912-இல் ஜப்பானின் நகோயாவில் உருவான டைஷோகோட்டோ என்ற வாத்தியம் இந்தியாவுக்கு வந்து அப்படி மாறியது. நம்மூரில் அதற்கு யாரோ பேஞ்சோ என்று பெயர் வைத்துவிட, அதுவே நிலைத்துவிட்டது.

அப்படியானால் இது எப்படி இருக்கும்?

கஞ்சிராவைப் பெரிதாக்கி அதில் ஒரு நீண்ட தண்டியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமான மரச் சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், தோலின் மேல் ஒட்டாமல் சும்மா நிற்கும் ஒரு சின்னக் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு), அதன் மேல் தந்திகள். நான்கு தந்திகள் தண்டியின் உச்சி வரை போகும். ஐந்தாவது மட்டும் குட்டை. அதன் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) தண்டியின் பக்கவாட்டில், பாதி வழியில் முளைத்திருக்கும். அதை விரலால் அழுத்தி வாசிப்பதில்லை. கட்டைவிரல் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும், ஒரே சுரம் இடைவிடாமல் ஒலிக்கும். வீணையில் பக்கத்தில் தாளத் தந்திகள் இருக்கின்றன அல்லவா? கிட்டத்தட்ட அந்த வேலைதான். ஆனால் தாளம் மட்டுமல்ல, பாட்டின் உயிரே இங்கே அந்தத் தந்தியில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வதைத்தான் இங்கே ஃபிரெட் என்று எழுதுகிறேன். பாட்டின் மெட்டோடு குழம்பிவிடக் கூடாது பாருங்கள்.

இது மலைவாழ் வெள்ளைக்காரர்களின் வாத்தியம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பொறுமை குறைவு. இல்லை. இது ஆப்பிரிக்கர்களின் வாத்தியம். அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கக் கரையிலும் தங்கள் நினைவிலிருந்து செய்தது. சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, தோல் போர்த்தி, ஒரு கழியைச் செருகிச் செய்தார்கள். செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்களிடம் இன்றும் அக்கோண்டிங் என்ற மூன்று தந்தி வாத்தியம் இருக்கிறது. அதிலும் ஒரு தந்தி குட்டை, அதையும் கட்டைவிரல்தான் தட்டுகிறது, மற்றத் தந்திகளை ஆள்காட்டி விரல் நகம் கீழ்நோக்கி அடிக்கிறது. காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா 2000 வாக்கில் அமெரிக்கப் பேஞ்சோக்காரர்கள் முன்னால் அதை வாசித்துக் காட்டியபோது, தங்கள் வலது கையையே வேறொருவரிடம் பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

எழுத்திலும் ஓவியத்திலும் சான்றுகள் நிறைய. தாமஸ் ஜெஃபர்சன் 1780களில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய நூலில், ‘பாஞ்சார்’ என்ற வாத்தியத்தை அடிமைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகக் குறிப்பிடுகிறார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர்தான். அதே காலத்தில் தெற்குக் கரோலினாவில் ஜான் ரோஸ் என்பவர் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிமைக் குடியிருப்பின் முன்னால் சிலர் ஆடுகிறார்கள், ஓரமாக ஒருவர் குடுக்கைப் பேஞ்சோ வாசிக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் குட்டைத் தந்தியின் பிரடை தெளிவாகத் தெரியும்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஐந்தாம் தந்தியைக் கண்டுபிடித்தவர் ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர் என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். ஸ்வீனி 1830களில் இதை மேடையேற்றிப் பிரபலமாக்கியவர், அது உண்மை. ஆனால் குட்டைத் தந்தி அவர் பிறப்பதற்கு முன்பே ஓவியத்தில் இருக்கிறது.

‘பழைய பேஞ்சோ’ என்றால் எவ்வளவு பழசு?

மூன்று தலைமுறைகளாகப் பிரித்துப் பார்ப்பது எனக்கு வசதி.

முதலாவது, 1840களிலிருந்து 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம் வரை. பால்டிமோரில் மேளம் செய்துகொண்டிருந்த வில்லியம் பௌச்சர்தான் பேஞ்சோவை விற்பனைக்கென்று செய்தவர்களில் முன்னோடி. மேளக்காரர் என்பதால் சட்டம் வளைப்பதும் தோல் இறுக்குவதும் அவருக்குக் கைவந்த கலை. இவற்றில் ஃபிரெட் கிடையாது. அசல் ஒன்றைத் தொட வேண்டுமானால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் மாதிரி இடத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று ஏங்க வேண்டியதுதான். வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அச்சு அசலான நகலைத்தான் வாசிக்கிறார்கள்.

இரண்டாவது, 1880 முதல் 1910 வரை. பிலடெல்பியாவில் எஸ். எஸ். ஸ்டூவர்ட், பாஸ்டனில் ஃபேர்பேங்க்ஸ் என்று பெரிய பட்டறைகள் வந்தன. ஃபிரெட் வந்தது, முத்துச்சிப்பி வேலைப்பாடு வந்தது, சட்டத்துக்கு நிக்கல் தகடு போர்த்தினார்கள். சத்திரம் சாவடி வாத்தியம் என்ற பெயரைத் துடைத்துவிட்டு வரவேற்பறையில் உட்காரவைக்க வேண்டும் என்பதில் ஸ்டூவர்ட் குறியாக இருந்தார். அதற்காக ஒரு பத்திரிகையே நடத்தினார். இந்தக் காலத்து வாத்தியங்கள்தான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டுபவை. பெயர் பொறிக்காத ஒன்று சில நூறு டாலருக்குக்கூடக் கிடைக்கும். என்னுடையது அப்படிப்பட்டதுதான்.

மூன்றாவது, மலைக் குடும்பங்கள் தாங்களே செதுக்கியவை. மரப் பலகை உடம்பு, நடுவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தோல், அதுவும் பூனைத்தோல் அல்லது மலைப்பெருச்சாளி மாதிரி ஒரு பிராணியின் தோல். சத்தம் குறைவு. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தண்டி. குதிரைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் தண்டியின் ஓரத்தைப் பாருங்கள், தச்சர் பலகையைப் பார்ப்பது போல. லேசான வளைவு இருந்தால் பரவாயில்லை. வில் மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, உள்ளே குறுக்காக ஓடும் கட்டை. தண்டியின் வால் மாதிரி சட்டத்துக்குள் நீண்டு மறுபக்கம் போய் முட்டும். அதில்தான் முத்திரை, வரிசை எண் எல்லாம் இருக்கும். தண்டியும் சட்டமும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் கட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது சரிசெய்யக்கூடியதுதான்.

தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் இரண்டு மூன்று காணாமல் போயிருக்கும். கவலை வேண்டாம், கிடைக்கும். தோல் கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஸ்டீல் கம்பி போடலாமா? சத்தம் தூக்கலாக இருக்குமே?

போடாதீர்கள். நான் போட்டேன். என் முதல் பழைய பேஞ்சோவை வாங்கிய கடையிலேயே ‘எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்’ என்று ஒரு செட் மாட்டிக்கொடுத்தார்கள். மூன்று மாதம் அருமையாகக் கணீரென்று ஒலித்தது. நான்காம் மாதம் ஏழாம் ஃபிரெட்டுக்கு மேல் எதை அழுத்தினாலும் சுருதி சேரவில்லை. தந்திக்கும் தண்டிக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. தண்டி முன்னால் வளைந்துவிட்டிருந்தது. அது திரும்பவே இல்லை. சுவரில் தொங்குகிறது.

காரணம் எளிது. அந்தக் காலத்து வாத்தியங்கள் ஆட்டுக்குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. நரம்பின் இழுவை குறைவு. ஸ்டீல் கம்பியின் இழுவையைத் தாங்க இன்றைய பேஞ்சோக்களில் தண்டிக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. பழையதில் வெறும் மரம்தான். இன்று குடல் நரம்பு வேண்டுமென்றால் கிடைக்கும், ஆனால் விலை அதிகம், வியர்வை பட்டால் பிரியும். இத்தாலியின் அக்விலா நிறுவனம் செய்யும் செயற்கை நரம்பு குடலின் ஒலிக்கு நெருக்கமாக இருக்கிறது. நான் போடுவது அதுதான். மீன்பிடி நரம்பைப் போட்டு வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், கேலி செய்யாதீர்கள், நன்றாகவே இருக்கும்.

மழை நாளில் தோல் தொய்ந்து சத்தமே மந்தமாகிவிடுகிறது. என்ன செய்ய?

பறையடிப்பவர் என்ன செய்கிறார்? வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறார். இங்கேயும் அதையேதான் செய்தார்கள், அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் காட்டினார்கள். நான் மேசை விளக்குக்குக் கீழே பத்து நிமிடம் வைக்கிறேன். கொக்கித் திருகுகளை முறுக்கி இறுக்குவதும் ஒரு வழி. ஆனால் மழை விட்டு வெயில் வந்ததும் தளர்த்த மறந்தால், நடுராத்திரியில் துப்பாக்கி வெடித்த மாதிரி தோல் கிழியும்.

தோல் மாற்றுவது ஒரு நாள் வேலை. கன்றுத்தோலைக் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். அரை மணியில் ஊறிய அப்பளம் மாதிரி குழைந்துவிடும். சட்டத்தின் மேல் விரித்து, அதன்மேல் மெல்லிய கம்பி வளையத்தை வைத்து, தோலின் விளிம்பை வளையத்தின் மேலாக மடித்து, வெளிவளையத்துக்கும் கம்பிக்கும் நடுவில் செருக வேண்டும். இங்கேதான் இரண்டு கை போதாது. கொக்கிகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச்சுற்று, அவ்வளவே முறுக்குங்கள். ஈரத்தில் இறுக்கிவிடாதீர்கள். காய்கிறபோது தோலே தன்னை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து விரலால் சுண்டினால் ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு தோல் மாற்றலாம் போலிருக்கும்.

பிளாஸ்டிக் தோல் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒலியும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

வலது கை எப்படி வாசிக்கிறது?

கிடார் மாதிரி மேல்நோக்கி மீட்டுவதில்லை. கையை நண்டுக்கால் போல மடக்கி வைத்து, ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலின் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். அடித்துக் கை இறங்கும்போது கட்டைவிரல் ஐந்தாம் தந்தியில் வந்து அமரும். கை எழும்பும்போது கட்டைவிரல் அந்தத் தந்தியைத் தெறித்துவிட்டு வரும். இதற்குக் ‘கிளாஹேமர்’ என்று பெயர். 1855-இல் வந்த பிரிக்ஸின் பாடப் புத்தகம் பேஞ்சோவுக்கு அச்சான முதல் பயிற்சி நூல்களில் ஒன்று. அதிலும் கிட்டத்தட்ட இதே அடிதான்.

தாளத்தைச் சொல்லில் சொன்னால் ‘தாம் – தக, தாம் – தக’. தாம் ஒரு தந்தி. முதல் த பல தந்திகளைச் சேர்த்து ஒரு வருடல். க கட்டைவிரல். முதல் இரண்டு வாரம் இடது கையைத் தொடவே தொடாதீர்கள். டிவி பார்த்துக்கொண்டே தாம் தக அடியுங்கள். வீட்டில் உள்ளவர்கள் எரிச்சலாவார்கள். அவர்கள் எரிச்சலாவதை நிறுத்திவிட்டால் உங்கள் தாளம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

நகம் உடைந்துவிட்டால்?

பிங்பாங் பந்தை நக வடிவில் வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். நிஜம்தான். பழைய மேடைக்காரர்கள் விரலில் உலோகத் தொப்பி மாட்டிக்கொண்டார்கள்.

சுருதி எப்படி வைப்பது?

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்திருந்தால் இது சுலபம். இன்று பரவலாக வைப்பது ‘ஓபன் ஜி’. ஐந்தாம் தந்தியிலிருந்து வரிசையாக: மேல் ஸ, கீழ் ப, ஸ, க, ப. காந்தாரத்தைத் தூக்கி மத்தியமமாக்கினால் மேல் ஸ, கீழ் ப, ஸ, ம, ப. இதை ‘சாமில்’ சுருதி, அதாவது மரமறுக்கும் ஆலைச் சுருதி என்கிறார்கள். இதில் வெறுந்தந்தி எதிலும் காந்தாரம் இல்லை. அதனால் பாட்டு சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாத ஒரு மலங்காட்டு நிறம் வந்துவிடும். கிளாரன்ஸ் ஆஷ்லி 1929-இல் பதிவு செய்த குயில் பாட்டு இந்தச் சுருதிதான். ஒருமுறை கேட்டால் ஏன் என்று புரியும்.

1850களின் சுருதி வேறு. அன்று எல்லாவற்றையும் மிகத் தாழ்த்தி வைத்தார்கள். பேஞ்சோ என்றதும் நினைவுக்கு வரும் அந்தத் தகரச் சத்தம் போய், ஆழமான, கொஞ்சம் தொண்டை கட்டிய குரல் வரும். பழைய வாத்தியத்தைக் கட்டாயம் ஒருமுறையாவது தாழ்த்தி வைத்துப் பாருங்கள். ஆனால் நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கப் போகும்போது பிடிலுக்கு ஒத்து வராது, அதற்கென்று ஒரு வாத்தியம் தனியாக வேண்டியிருக்கும்.

பிரடை வழுக்கினால் சாக்பீஸ் தூள். பிடில் வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபிரெட் இல்லாத தண்டியில் சுரத்தை எப்படிப் பிடிப்பது?

பிடிலில் பிடிப்பது மாதிரிதான், காதால். நல்ல செய்தி, இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை தண்டியின் மேல் ஓரத்திலேயே, நாலு விரல் எட்டும் தூரத்தில் முடிந்துவிடும். அதைவிட நல்ல செய்தி, மலைப் பாடகர்கள் காந்தாரத்தைப் பல சமயம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் எங்கேயோ பாடுவார்கள். பியானோவில் அந்த இடமே கிடையாது. ஃபிரெட் உள்ள பேஞ்சோவிலும் கிடையாது. ஃபிரெட் இல்லாததில் விரலைக் கால் அங்குலம் பின்னால் உருட்டினால் அங்கே இருக்கிறது. நமக்கு அந்தச் சுரம் அந்நியமாகத் தோன்றாது.

அப்போது இவை ராகங்கள் என்று சொல்லலாமா?

சுரங்கள் ஒத்துப்போகும், அவ்வளவுதான். பல பாட்டுகள் மோகனத்தின் ஐந்து சுரத்தில் இருக்கின்றன, பல ஹரிகாம்போதியின் ஏழில். கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை. ‘இது நம்ம மோகனம்தான்’ என்று ஜாம் (பலர் கூடி வாசிப்பது) நடுவில் எழுந்து விளக்கம் சொல்லாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

‘ஜான் ஹென்றி’. சுத்தியலால் பாறையைத் துளைத்து நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்துச் செத்த கறுப்பினத் தொழிலாளியின் கதை. மேற்கு வர்ஜீனியாவின் டால்காட் ஊரில், 1870களின் தொடக்கத்தில் வெட்டிய பிக் பெண்ட் சுரங்கப் பாதையோடு சேர்த்துச் சொல்வார்கள். சுத்தியல் விழும் இடத்தில் தாம் விழ வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ‘டாம் டூலி’. இதற்கு ஒரு கதை இருக்கிறது. வட கரோலினாவின் வில்க்ஸ் மாவட்டத்தில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் 1866-இல் கொல்லப்பட்டார். டாம் டுலா என்ற முன்னாள் போர்வீரனை 1868-இல் தூக்கிலிட்டார்கள். பாட்டு அந்த மலையடிவாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிராங்க் ப்ராஃபிட் என்பவர் தானே செய்த ஃபிரெட் இல்லாத மரப் பேஞ்சோவில் அதைப் பாடி வந்தார். 1938-இல் அவரிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டு போனவர் ஃபிராங்க் வார்னர். இருபது வருடம் கழித்து, 1958-இல், கிங்ஸ்டன் ட்ரியோ என்ற குழு அதைப் பாடி நாடு முழுக்க விற்றுத் தீர்த்தது. ப்ராஃபிட் பாடிய பதிவும் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்றில் கொலை நடந்திருக்கிறது, மற்றதில் கச்சேரி நடக்கிறது.

கறுப்பின வாசிப்பாளர்களில் டிங்க் ராபர்ட்ஸ், பிடில்காரர் ஜோ தாம்ப்சனின் உறவினர் ஒடெல் தாம்ப்சன் ஆகியோரைத் தேடிக் கேளுங்கள். இருவரும் வட கரோலினாக்காரர்கள்.

பழைய பாடப் புத்தகங்களில் உள்ள மேடைப் பாட்டுகளை வாசிக்கலாமா?

1843-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு மேடையேறியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கோமாளியாக்கிக் காட்டும் நிகழ்ச்சி. அது காட்டுத்தீயாகப் பரவியது. பேஞ்சோவை உலகம் முழுக்கக் கொண்டுபோனதும் அந்த மேடைதான், பேஞ்சோவைக் கறுப்பினத்தவருக்கே கசக்க வைத்ததில் பெரும் பங்கும் அந்த மேடைக்குத்தான். பிரிக்ஸ் புத்தகம் அந்த மேடையிலிருந்து வந்ததே.

என் வழக்கம் இது: அதிலுள்ள வாத்திய மெட்டுகளை வாசிப்பேன், ஏனென்றால் பழைய கறுப்பின வாசிப்பின் தடம் அங்கே எழுத்தில் இருக்கிறது. வசவு கலந்த வரிகளைப் பாட மாட்டேன். யாராவது எங்கிருந்து வந்த மெட்டு என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுவேன். 2005-இல் பூன் நகரில் கறுப்பினப் பேஞ்சோக்காரர்களின் ஒன்றுகூடல் நடந்தது. அங்கே சந்தித்தவர்களிலிருந்து கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு உருவாகி, மூத்த பிடில்காரர் ஜோ தாம்ப்சனிடம் கற்று, 2011-இல் கிராமி வாங்கியது. அதன் ரியானன் கிடன்ஸ் அந்த மேடைக் காலத்துப் பேஞ்சோவின் நகலைத்தான் வாசிக்கிறார். யாருடைய பொருள் யாரிடம் திரும்பி வந்தது என்று பார்க்க அவரைக் கேளுங்கள்.

இதில் புளூகிராஸ் வாசிக்கலாமா?

ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945-இல் பில் மன்றோ குழுவில் சேர்ந்து மூன்று விரலில் பொழிந்த மழை, அந்த வேகமான பாணிதான் அது. அதற்குக் கனமான உலோக வளையமும் ஸ்டீல் கம்பியும் உள்ள வாத்தியம் வேண்டும். பழையதைப் பாவம் விட்டுவிடுங்கள்.

சென்னைக்குக் கொண்டுவரலாமா?

முதலில் பிரடைகளைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வாத்தியங்கள் சிலவற்றில் பிரடை யானைத் தந்தம். அதோடு எல்லை தாண்டினால் வாத்தியம் சுங்கத்திலேயே நின்றுவிடலாம். தந்தமா எலும்பா என்று நிச்சயமில்லாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு மரப் பிரடை போட்டுக் கொண்டுவாருங்கள். சில தண்டிகளில் பிரேசில் நூக்கு மரம் இருக்கும், அதற்கும் 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு.

ஐப்பசி கார்த்திகையில் தோல் தொய்யத்தான் செய்யும். கிழிந்தால் மிருதங்கம் செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆட்டுத்தோல் பேஞ்சோவுக்குப் புதிதல்ல.

அபார்ட்மெண்டில் இருக்கிறேன், சத்தம் வராமல் பழக வழி?

வாத்தியத்தைத் திருப்பினால் தோலுக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அதில் துணியைச் செருகுங்கள். தோலை லேசாகத் தொட்டால் போதும், முட்டக்கூடாது. இங்கே பலரும் பழைய காலுறையைத் திணிப்பார்கள். என்னுடையதில் இருப்பது ஊரிலிருந்து அம்மா அனுப்பிய ஈரோட்டுத் துண்டில் பாதி.